ஆர்ட்மோர் கடற்குன்றின்மேல் ஒரு மாலைப்பொழுது

பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டுத் தொலைபேசி மணிக்குக் காத்திருக்கும் பெற்றோர் நம் பங்குகளில் இன்று தெருவுக்குத் தெரு உண்டு. நாங்களும் அத்தகையோரே. எங்கள் மகள் செவிலியர் பயிற்சி பெற்று, அயர்லாந்து நாட்டின் தென்பகுதியிலுள்ள கார்க் நகர மருத்துவமனை ஒன்றில் பணிபுரிகின்றாள். ஐந்து ஆண்டுகளில் திரும்பிவிடுவாள் என்றுதான் அனுப்பினோம். ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அவள் குடும்பத்துக்கென்று எங்கள் வீட்டு மாடியைக் கட்டி, வெள்ளையடித்து, பூட்டி வைத்திருந்தோம். 2023-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவளையும் மருமகப்பிள்ளையையும் ஆறு வயதுப் பேரனையும் காணப் புறப்பட்டபோது பெட்டியில் முறுக்கும் கருப்பட்டியும் இருந்தன. நெஞ்சில் ஒரு கேள்வி இருந்தது. அந்தக் கேள்வியை நாங்கள் கேட்ட இடம் ஒரு கடற்பாறையின் உச்சி. ஆதலின் அவ்விடத்தைப் பற்றி முதலில் கூறுகின்றோம்.

கார்க்கிலிருந்து கிழக்கே காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மிகுந்த தொலைவில், வாட்டர்ஃபோர்டு மாவட்டத்தின் கடலோரத்தில் ஆர்ட்மோர் என்னும் சிற்றூர் உள்ளது. அயர்லாந்தின் மறைபரப்பாளர் என்றதும் நமக்குப் புனித பேட்ரிக்கின் பெயரே நினைவுக்கு வரும். ஆனால் அவர் வருமுன்னரே, ஐந்தாம் நூற்றாண்டில், இப்பகுதி மக்களுக்கு நற்செய்தி அறிவித்தவர் புனித தெக்லான் என்பது இவ்வூராரின் வழிவழி வந்த நம்பிக்கை. அவர் இங்கு வந்து இறங்கியபோது, "இத்துணைச் சிறிய மேடு உம் மக்களுக்கு எவ்வாறு போதும்?" என்று சீடர்கள் கேட்டார்களாம். "சிறிய மேடு என்று சொல்லாதீர்கள், பெரிய மேடு என்று சொல்லுங்கள்" என்று அவர் விடை பகர்ந்தாராம். ஐரிஷ் மொழியில் ஆர்ட்மோர் என்றால் பெரிய மேடு என்பதே பொருள்.

இவ்வூரில் கடற்குன்றைச் சுற்றி ஒரு நடைபாதை அமைத்திருக்கின்றார்கள். மணற்கரையில் தொடங்கி, பாறை முகடுகளின் விளிம்பையொட்டிச் சென்று, வயல்களின் ஊடே திரும்பி, மீண்டும் அதே மணற்கரைக்கு நம்மைக் கொண்டுவந்து சேர்க்கும் வட்டப்பாதை அது. மொத்தம் நான்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும். ஏற்றம் உண்டு, எனினும் கடுமையான ஏற்றம் இல்லை. இளைஞர் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுவர். மூட்டுவலியும் முதுகுவலியும் உள்ள நாங்கள், சிறுவன் ஒருவனையும் கையில் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரத்தில் முடித்தோம்.

மாலை 5 மணிக்குப் புறப்பட்டோம். "இருட்டிவிடாதா?" என்று நாங்கள் தயங்க, மகள் சிரித்தாள். அந்நாட்டில் சூலைத் திங்களில் இரவு 9 மணிக்கும் வெயில் அடிக்கின்றது! ஆனால் அந்த வெயிலில் சூடு இல்லை. காற்றோ, தலையில் கட்டிய துணியைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது.

மணற்கரையின் ஓரத்தில், கரும்பாறைகள் இரண்டின்மேல் ஒரு பெரிய கல் படுத்திருப்பதைப் பேரன் காட்டினான். "அதுதான் புனித தெக்லானின் கல், தாத்தா!" அப்பொழுது கடல்நீர் அதனைச் சூழ்ந்து நின்றது. "திரும்பி வரும்போது நீர் வடிந்திருக்கும்; அப்போது கிட்டப் போய்ப் பார்க்கலாம்" என்றார் மருமகப்பிள்ளை.

ஊரின் தெரு மெல்ல மேலேறி, ஒரு விடுதியைக் கடந்ததும் ஒற்றையடிப் பாதையாகின்றது. வழி தவறாதிருக்க ஆங்காங்கே மஞ்சள் நிறக் குறிகள் இட்டிருக்கின்றனர். புறப்பட்ட சிறிது நேரத்திலேயே புனித தெக்லானின் ஊற்றும், அதனருகே கூரையற்ற பழைய கோவில் ஒன்றின் கற்சுவர்களும் தென்பட்டன. புனிதர் தம் முதுமையில் மக்கள் கூட்டத்தை விட்டு விலகித் தனித்துச் செபிக்க இங்கே வந்து தங்கினார் என்பர். சிறு கல் வளைவுகளின் கீழே நீர் தெளிந்து கிடக்கின்றது. மேலே சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் உருவங்கள், காற்றிலும் மழையிலும் தேய்ந்து முகம் மழுங்கி நிற்கின்றன. சூலை 24-ஆம் நாள் புனிதரின் திருநாள். அதனையொட்டி மக்கள் இந்த ஊற்றைச் சுற்றி வந்து செபிப்பது நெடுங்கால வழக்கம். நாங்களும் மண்டியிட்டோம். என்ன வேண்டிக்கொண்டோம் என்பதை வாசகர்கள் ஊகித்திருப்பீர்கள். மகள் எங்களுடன் திரும்பி வரவேண்டும் என்பதே அது.

செபித்து எழுந்தபோது, கோவிற் சுவரில் சாய்ந்து, நாய் ஒன்றைப் பிடித்தவண்ணம் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எங்களை நோக்கிப் புன்னகைத்தார். எங்கிருந்து வருகின்றோம் என்று கேட்டறிந்தார். மகள் செவிலி என்றதும் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். "என் பாட்டியோடு பிறந்த பெண்கள் மூவர் அமெரிக்கா போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. இப்போது உங்கள் பெண்கள் எங்கள் நாட்டுக்கு வருகிறார்கள்" என்றார். பிறகு அவர் கூறிய ஒரு வழக்கத்தை மகள் எங்களுக்குத் தமிழில் விளக்கினாள்.

1845-ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அதையே உண்டு உயிர்வாழ்ந்த ஏழை மக்கள் பட்டினிக்கு இரையாயினர். சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர். மேலும் 10 லட்சம் பேர் கப்பலேறினர். பஞ்சம் தீர்ந்த பின்னும் கப்பலேறுவது நிற்கவில்லை. 1848 முதல் 1950 வரை கார்க் அருகேயுள்ள கோவ் துறைமுகத்தின் வழியாக மட்டும் சுமார் 25 லட்சம் பேர் நாட்டை நீங்கினர் என்று கணக்குச் சொல்கின்றது. அக்காலத்தில் மகனோ மகளோ அமெரிக்காவுக்குப் புறப்படும் முந்தின இரவில், இறந்தவருக்கு விழித்திருப்பதைப் போலவே, உற்றாரும் அண்டை அயலாரும் வந்து அவ்வீட்டில் விடியுமட்டும் விழித்திருப்பார்களாம். பாட்டும் உண்டு, ஒப்பாரியும் உண்டு. "அமெரிக்க இழவு" என்றே அதற்குப் பெயர். போகின்றவரை இவ்வுலகில் இனிக் காண்பதற்கில்லை என்று பெற்றோருக்குத் தெரியும். உயிரோடிருக்கும் பிள்ளைக்கு இழவு காத்த மக்கள் அவர்கள்!

இதைக் கேட்டபின் சிறிது தூரம் நாங்கள் பேசாமலே நடந்தோம்.

இப்பாதையில் கடல் எப்பொழுதும் இடக்கைப் பக்கமே இருக்கின்றது. குன்றின் முனையைச் சுற்றித் தெற்கே திரும்பியதும் விரிந்த பெருங்கடல் எதிரே திறக்கின்றது. கீழே செங்குத்துப் பாறைகளின் அடியில் அலை மோதும் ஓசை, ஒரு கணம் பொறுத்தே மேலே வந்து எட்டுகின்றது. பாதையின் இருமருங்கிலும் முட்செடிகள் மஞ்சளாய்ப் பூத்திருந்தன; அவற்றினிடையே ஊதா நிறப் பூம்புதர்கள். வெண்ணிறக் கடற்பறவைகள் பாறை இடுக்குகளில் குடியிருக்கின்றன. செந்நிற அலகும் செந்நிறக் கால்களும் கொண்ட ஒருவகைக் காகம் வாட்டர்ஃபோர்டு கடற்பாறைகளில் வாழ்கின்றது என்று கேட்டு, பேரன் ஒவ்வொரு காகத்தின் காலையும் உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தான். இவ்வழியே செல்வோருக்கு ஒன்று கூறுவோம்: நல்ல காலணி வேண்டும், மழை பெய்த மறுநாள் புல் வழுக்கும், விளிம்பில் தடுப்பு இல்லாத இடங்களில் சிறுவரின் கையை விடலாகாது.

ராம் ஹெட் என்னும் முனையை அடைந்தபோது, கீழே பாறைகளுக்கிடையில் துருப்பிடித்த ஒரு பெரிய இரும்புக்கூடு கிடக்கக் கண்டோம். அது சாம்சன் என்னும் பாரந்தூக்கிக் கப்பல். விவிலியத்துச் சிம்சோனின் பெயர் தாங்கியது. 1987-ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து மால்டா தீவுக்கு அதனை வேறொரு கப்பல் கயிறு கட்டி இழுத்துச் சென்றது. வழியில் புயல் எழுந்தது, கயிறு அறுந்தது. அதிலிருந்தவர்களை ஹெலிகாப்டர் வந்து மீட்டது. ஆளற்ற கப்பலைக் காற்று அடித்துக்கொண்டு வந்து இந்தப் பாறைகளின்மேல் எறிந்தது. அன்று முதல் அது இங்கேயே கிடந்து, ஆண்டுக்கு ஆண்டு உடைந்து கரைந்து வருகின்றது.

பேரன் தன் தந்தையுடன் சற்று முன்னே சென்றிருந்தான். நாங்கள் இருவரும் மகளும் புல்லில் அமர்ந்திருந்தோம். நெடுநாள் அடக்கிவைத்த கேள்வியை மகளின் தாயார் கேட்டேவிட்டார்.

"எப்போதம்மா வரப்போகிறீர்கள்? மாடி கட்டி ஐந்து வருடம் ஆகிறது. எங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் இருக்கிறார்கள்?"

மகள் உடனே விடை கூறவில்லை. கீழே கிடந்த கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அம்மா, போன மாசியில் என் வார்டில் ஒரு வயதான அம்மா இருந்தார்கள். அவர்களுடைய மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். விமானம் பிடித்து வந்துகொண்டிருந்தாள், வந்துசேர முடியவில்லை. இரவு மூன்று மணிக்கு உயிர் போகும்போது நான்தான் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த மகள் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். உங்கள் கையை யார் பிடித்திருப்பார்கள் என்று நான் நினைக்காத நாள் இல்லை. ஆனால் பையனுக்குப் பள்ளிக்கூடம், அவருக்கு வேலை, எனக்கு என் நோயாளிகள், எல்லாம் இங்கே இருக்கிறதம்மா. வருவேன் என்று பொய் சொல்லி உங்களைக் காக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை."

எங்களை அவள் மறந்துவிட்டாள் என்று ஒன்பது ஆண்டுகளாக எங்களுக்குள் ஒரு குறை இருந்தது. நாங்கள் ஊரில் அமர்ந்து அஞ்சியதை, அவள் இங்கே இரவுப் பணியில் விழித்திருந்து அஞ்சிக்கொண்டிருக்கின்றாள் என்பதை அன்றுதான் அறிந்தோம். சொல்லத் தெரியாமல், பையிலிருந்த முறுக்கை எடுத்து அவள் கையில் கொடுத்தோம். மூவரும் கண்ணீரோடு முறுக்குத் தின்றோம்.

அப்பால் பாதை மேற்கே செல்கின்றது. பிரான்சு நாட்டு நெப்போலியனின் படையெடுப்புக்கு அஞ்சிய காலத்தில் எழுப்பிய காவற்கோபுரம் ஒன்றும், இரண்டாம் உலகப்போரின்போது கடலைக் கண்காணிக்கக் கட்டிய சிறு காவற்குடிலும் பாழடைந்து நிற்கின்றன. ஓடானல் என்னும் குருவானவரின் பெயரால் வழங்கும் ஊற்று ஒன்றும் வழியில் உண்டு. அதன்பின் கடலைப் பிரிந்து, பசுக்கள் மேயும் புல்வெளிகளின் இடையே பாதை ஊரை நோக்கித் திரும்புகின்றது.

ஊருக்கு மேலே பழைய கல்லறைத் தோட்டத்தில், ஏறத்தாழ 30 மீட்டர் உயரமுள்ள வட்டக் கோபுரம் ஒன்று மெழுகுதிரி போல் நிமிர்ந்து நிற்கின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மணிக்கூண்டாகக் கட்டியது. அதன் வாயிலோ தரையிலிருந்து ஆள் உயரத்துக்கும் வெகு மேலே அமைந்திருக்கின்றது. ஏணி வைத்தே ஏறவேண்டும். அருகில், புனிதரின் கல்லறை என்று கருதப்படும் சிறு கட்டடத்தில், தரையில் ஒரு குழி காணப்படுகின்றது. நூற்றாண்டு நூற்றாண்டாகப் பக்தர்கள் மண் எடுத்து எடுத்து உண்டான குழி அது. ஓரியூரில் புனித அருளானந்தர் இரத்தம் சிந்திய செம்மண்ணை எடுத்து வரும் நமக்கு இது புதுமையன்று.

அதனை அடுத்துக் கூரை இழந்த பேராலயம். அதன் மேற்குச் சுவரின் வெளிப்புறத்தில், கல் வளைவுகளுக்குள் விவிலியக் காட்சிகளைச் செதுக்கியிருக்கின்றனர். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கடற்காற்றை ஏற்று அவை தேய்ந்துவிட்டன. எனினும் உற்று நோக்கினால் ஆதாமும் ஏவாளும், குழந்தை இயேசுவைக் காணவந்த ஞானிகளும் தெரிகின்றனர். மற்றொரு காட்சியை மருமகப்பிள்ளை காட்டினார். "இது சாலமோன் அரசரின் தீர்ப்பு, மாமா."

அக்கதையை அறியாதவர் நம்மில் யார்? ஒரு குழந்தைக்கு இரு பெண்கள் உரிமை கொண்டாடினர். குழந்தையை இரண்டாக வெட்டிப் பகிர்ந்து கொடுங்கள் என்று அரசர் கூறினார். "வேண்டாம், அவளிடமே கொடுத்துவிடுங்கள், பிள்ளை உயிரோடிருந்தால் போதும்" என்று கதறியவளே உண்மைத் தாய் என்று தீர்ப்பாயிற்று. சிறு வயது முதல் எத்தனையோ முறை கேட்ட கதை. அரசரின் அறிவு நுட்பத்தை வியந்தே எங்கள் காலம் கழிந்தது. அன்று மாலை அந்தத் தேய்ந்த கல்லின் முன்னே நின்றபோதுதான், பிடியைத் தளர்த்திய தாயை நாங்கள் முதன்முறையாக எண்ணிப் பார்த்தோம். மகளின் தாயார் வெகு நேரம் அவ்விடம் விட்டு அகலவில்லை.

மணற்கரைக்குத் திரும்பியபோது மணி எட்டு. நீர் வடிந்திருந்தது. பேரன் ஓடிச்சென்று புனித தெக்லானின் கல்லைத் தொட்டான். அதன் கதையை மகள் அவனுக்குச் சொன்னாள். புனிதர் வேல்ஸ் நாட்டிலிருந்து கப்பலேறியபோது, அவருடைய திருமணியைச் சீடர் ஒருவர் கரையில் ஒரு கல்லின்மேல் மறந்து வைத்துவிட்டார். நடுக்கடலில்தான் நினைவு வந்தது. புனிதர் செபித்தார். உடனே அந்தக் கல் மணியைச் சுமந்துகொண்டு அலைமேல் மிதந்து வந்தது. கப்பலையும் முந்திச் சென்று வழிகாட்டியது. அக்கல் கரையேறிய இடமே இது. திருநாளின்போது முதுகுவலி உள்ளோர் இக்கல்லின் அடியில் தவழ்ந்து சென்று நலம் வேண்டுவது வழக்கம். பாவச்சுமை உள்ளவர்களால் நுழைய முடியாது என்றும் சொல்வர்.

"கல் எப்படி மிதக்கும்?" என்றான் பேரன். பனிக்கட்டிக் காலத்தில் பனியாறுகள் எங்கிருந்தோ பெயர்த்துக்கொண்டு வந்து போட்ட கல் என்று நிலவியலார் கூறுவதைத் தந்தை விளக்கினார். "ஆச்சி, நீங்கள் முதுகுவலிக்கு நுழைந்து பாருங்களேன்" என்று அவன் அழைத்தான். பாவத்தைவிட எங்கள் உடற்பருமனுக்கே அஞ்சி நாங்கள் பின்வாங்கினோம். "மணியை மறந்துவிட்டுத்தான் வந்தார்களாம்; ஆனால் அது அவர்களைத் தேடி வந்துவிட்டதாமே" என்று மட்டும் மகளின் தாயார் சொன்னார். மகள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அக்கேள்வியை நாங்கள் மீண்டும் கேட்கவில்லை. மூன்று வாரம் மகிழ்வோடு இருந்துவிட்டு ஊர் திரும்பினோம். மாடியின் பூட்டைத் திறந்தோம். இப்போது அங்கே, நம் ஊர்ப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த ஆசிரியை ஒருவர் தம் குழந்தைகளோடு குடியிருக்கின்றார். வீட்டில் மீண்டும் பிள்ளைகளின் ஓசை கேட்கின்றது.

இன்னொன்றும் செய்தோம். எங்கள் பங்கில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனித்து வாழும் முதியோர் எவரெவர் என்று எண்ணிப் பார்த்தோம். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக ஏழு வீடுகள்! ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவற்றுள் இரண்டு வீடுகளுக்காவது செல்கின்றோம். மருந்து தீர்ந்ததா என்று கேட்கின்றோம். அவர்கள் பிள்ளைகளோடு பேசக் கைபேசியைப் பிடித்துக் கொடுக்கின்றோம். சில சமயம் கையை மட்டும் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கின்றோம். அங்கே எங்கள் மகள் ஓர் அயர்லாந்துத் தாயின் கையைப் பிடித்தாள். இங்கே எங்கள் கை சும்மா இருக்கலாகாது அல்லவா?

உங்கள் தெருவிலும் அத்தகைய வீடு ஒன்று இருக்கும். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை அக்கதவைத் தட்டிப் பாருங்கள்.